புள்ளி வைக்காத பலகை

அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவள் ‘புள்ளி’.

அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர். எழுத்துகளை அவர் எழுதுவார். எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி மட்டும் மகளுடைய வேலை. ஐந்து வயதில் அந்த வேலையில் சேர்ந்தாள். இப்போது பத்து வயது. இன்னும் பதவி உயர்வு கிடைத்தபாடில்லை.

“அப்பா, ஒரே ஒரு எழுத்து நான் எழுதறேனே?”

“முதல்ல புள்ளியக் கோணலில்லாம வை. எழுத்த அப்புறம் பாக்கலாம்.”

எப்போது கேட்டாலும் இதே பாட்டுதான்!

அன்று இருவருக்கும் தலைக்கு மேல் வேலை. புதுப் பிரசவ ஆஸ்பத்திரி பத்து மணிக்குத் திறக்கிறது. அதற்குள் ஐந்து கதவுகளுக்கும் பலகை மாட்டியாக வேண்டும். மேனேஜர் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ‘மகப்பேறு மருத்துவர்’, ‘பச்சிளங்குழந்தை நல மருத்துவர்’, ‘மயக்கவியல் மருத்துவர்’, ‘ஆய்வுக்கூடம்’. இந்த நான்கும் மாட்டியாகிவிட்டது. பதினைந்து புள்ளிகள் வைத்துப் புள்ளிக்குக் கை வலித்தது.

ஐந்தாவது பலகை தரையில் கிடந்தது. ‘பேறுகாலச் செவிலியர்’ என்று எழுதிவிட்டு, “ரெண்டே புள்ளிதான். வெச்சுடு. நான் தெருமுனையில வழிப்பலகைய மாட்டிட்டு வரேன்” என்று அப்பா ஏணியோடு வெளியே ஓடினார். ஏணியைப் பிடித்துக்கொள்ள மேனேஜரும் பின்னாலேயே ஓடினார்.

அர்த்தம் தெரியாமல் புள்ளி எதற்கும் புள்ளி வைக்கமாட்டாள். நடையின் கடைசியில் இருந்த கதவைத் தட்டினாள். நீலச் சட்டை போட்ட ஓர் அக்கா, துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க டாக்டரா?”

“இல்ல பாப்பா.”

“நர்ஸா?”

“நர்ஸ் படிப்பும் படிச்சிருக்கேன். ஆனா என் வேலை பிரசவம் பாக்கறது. மருத்துவச்சி.”

“பிரசவம் டாக்டர்தானே பாப்பாங்க?”

“சிக்கல்னா டாக்டரக் கூப்பிடுவேன். சமர்த்தா தானா வர்ற குழந்தைய நானே வாங்கிடுவேன்.”

“வாங்குவீங்களா? எந்தக் கடையில?”

“அடி வாயாடி! கையில வாங்குவேன்!” என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப பேறுகாலச் செவிலியர்னா யாரு?”

“அதுவும் நான்தான். நல்ல பேருதான், குத்தம் சொல்லல. ஆனா வலியில ஓடி வர்றவங்களுக்கு அது சட்டுனு புரியணுமே!”

புள்ளி யோசித்துக்கொண்டே திரும்பி வந்தாள். தூரிகையை எடுத்தாள். வைக்கவா, வேண்டாமா?

அப்போது வாசலில் ஒரு கார் கிறீச்சென்று நின்றது.

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க ஒரு தையல்காரர், நிறைமாத மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். மற்றொரு கையில் தலையணை. துணிமணி வைத்த பையை மறந்துவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், பாவம்! மணி பத்தாகவில்லை. வரவேற்பு மேசையில் யாருமில்லை.

மனைவி நாற்காலியில் சாய்ந்து, “ஐயோ, முடியலங்க! சீக்கிரம் யாரையாவது கூப்பிடுங்க!” என்று பல்லைக் கடித்தார்.

தையல்காரர் முதல் கதவைத் தட்டினார். மகப்பேறு மருத்துவர் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்து ‘ஆய்வுக்கூடம்’. உள்ளிருந்து ஒருவர் கண்ணாடிக் குழாயோடு எட்டிப்பார்த்தார்.

“ரத்தம் எடுக்கணுமா?”

“ரத்தம் இல்லீங்க, குழந்தை!” என்று அலறிவிட்டு அவர் அடுத்த பலகைக்கு ஓடினார். “ம… மயக்க… இதேதான்! என் வீட்டுக்காரிக்கு மயக்கமா வருதுங்க!”

“நான் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கற டாக்டருங்க” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பலகை இல்லாத கடைசிக் கதவைச் சாமான் அறை என்று நினைத்து அவர் தாண்டியே போய்விட்டார்!

புள்ளி அந்தக் கதவைப் பார்த்தாள். நான் யோசித்துக்கொண்டு நின்றதால்தானே அந்தக் கதவு மொட்டையாக இருக்கிறது! தூரிகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

“மருத்துவச்சி அக்கா! குழந்தை வருது! ஓடி வாங்க!”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் தையல்காரர் அப்படியே நின்றார். “மருத்துவச்சி இருக்காங்களா? அத முதல்லயே சொல்லக் கூடாதா!”

அக்கா சக்கர நாற்காலியோடு பறந்து வந்தார். “மூச்ச மெதுவா விடும்மா. நான் வந்துட்டேன்ல, இனி பயமில்ல.” மயக்க மருந்து டாக்டரும் கூடவே உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

தையல்காரர் தலையணையைக் கட்டிக்கொண்டு நடையில் அங்குமிங்கும் அலைந்தார். இன்னொருவர் இதே மாதிரி வந்து அலைந்தால்?

புள்ளி பலகையைப் பார்த்தாள். பெயின்ட் இன்னும் ஈரம். ‘திட்டு வாங்கினா வாங்கிக்கலாம்’ என்று நினைத்தாள். பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் பலகையைப் பரபரவென்று துடைத்தாள். பெரிய தூரிகையை எடுத்தாள். முதல் எழுத்து ‘ம’ கொஞ்சம் குண்டாகிவிட்டது. அடுத்தடுத்த எழுத்துகள் பரவாயில்லை.

கடைசி எழுத்துக்குக் கொக்கி போட்டு முடிக்கவும் அப்பாவும் மேனேஜரும் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க!” என்று அப்பா தலையில் கை வைத்தார்.

“லிஸ்டுல ‘மருத்துவச்சி’ இல்லவே இல்லயே!” என்று மேனேஜர் தாளை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசி அறையிலிருந்து, “ங்ஙா!” என்று ஒரு சத்தம். கட்டிடமே அதிர்ந்தது!

கதவு திறந்தது. அக்கா துண்டில் சுற்றிய குழந்தையோடு நின்றார். “பொண்ணு! அம்மாவும் மகளும் நல்லாருக்காங்க.”

தையல்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கழுத்து டேப்பை எடுத்துக் குழந்தையை அளந்தார். “பத்தொம்பதரை இஞ்ச்! கவுனுக்கு அரை மீட்டர் துணி போதும்!” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். “மூணு கதவத் தட்டினேன் சார். இந்தப் பொண்ணு ‘மருத்துவச்சி’ன்னு கத்தலன்னா, குழந்தை இங்க நடையிலயே பொறந்திருக்கும்!”

மேனேஜர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “சரி, இதுவே பெருசா இருக்கட்டும். லிஸ்டுல இருக்கறத அடியில சின்னதா எழுதிடுங்க” என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்பா பலகையின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். குண்டு ‘ம’வைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“எழுத்தெல்லாம் நின்னு பேசுது. ஆனா ரெண்டு புள்ளியக் காணோமே?”

“அது உங்களுக்குன்னு விட்டு வெச்சேன்” என்று புள்ளி சின்னத் தூரிகையை நீட்டினாள்.

அப்பா தூரிகையை வாங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் புள்ளியை வைத்தார். பிறகு இரண்டாவதை வைத்தார்.

புள்ளி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“கோணலா வெச்சுட்டீங்கப்பா!”