சேவலின் அலகு

காலையில் சேவலின் அலகு மூடியிருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அருங்காட்சியகப் படங்களுக்கு விளக்கம் எழுதுவதுதான் அவள் வேலை. ‘தூணின் உச்சியில் அலகு மூடிய சேவல்’ என்று அவளே எழுதிய அட்டை மேசையில் கிடந்தது. செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுத்த, ஐரோப்பாவின் பரோக் காலத்துப் படம்: ஒரு தேவாலயம், அண்ணாந்து பார்க்க வைக்கும் தூண்கள், திறந்து கிடக்கும் ஒரு கதவு. சேவல் எதற்கென்றும் எழுதியிருந்தாள். தன் குருவைத் தெரியாது என்று சொன்ன சீடனின் நினைவாக. மூன்றாம் முறை அவன் சொன்னதும் சேவல் கூவியது.

இப்போது அந்த அலகு லேசாகத் திறந்திருந்தது.

கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். மதியத்திலிருந்தே எதுவும் சரியில்லை. வீட்டு விலாசம் மறந்து, சாப்பிட்டோமா என்பதும் மறந்து, மகள் வேலை செய்யும் இடத்தை மட்டும் மறக்காத அப்பா வந்திருந்தார். உள்பக்கம் வெளியே தெரியச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, நாற்பது வயதுக்காரியை வாசலில் நின்று “பாப்பா, பாப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விருந்தினர்களோடு இயக்குநர் பக்கத்தில் நின்ற நேரம் பார்த்துக் காவலாளியின் போன்.

“மேடம், ஒரு பெரியவர் உங்க அப்பான்னு சொல்றாரு.”

“எனக்குத் தெரியாதுங்க.”

இயக்குநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “யாரும்மா அது, தெரிஞ்சவரா?”

“இல்ல சார். யாரோ.”

வாய் கூசாமல் சொன்னாள். விருந்தினர்கள் போனதும் கீழே ஓடினாள். அதற்குள் காவலாளி அவரை அனுப்பிவிட்டிருந்தான். மழையில் தெருத்தெருவாகத் தேடித் தோற்றுத் திரும்பியபோதும், “அந்தப் பெரியவர் மறுபடி வந்தா சொல்லுங்க” என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. அப்பா என்று சொல்ல வரவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓயாத மழைச் சத்தமும், டியூப் லைட்டின் ரீங்காரமும், ஈர உடையின் வாடையோடு கலந்த பழைய காகித வாசனையும் அந்த அறையை நிறைத்திருக்க, வேறு போக்கிடம் இல்லாதவளாக மறுபடி படத்தைப் பார்த்தாள். கதவருகே யாரோ நின்றார்கள். காலையில் அங்கே யாருமில்லை. மெல்லிய கோடுகளில் ஒரு கிழவர். முகம் வரையப்படாமல் வெள்ளையாக இருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

வெளியே நடைவழியில் சத்தம் கேட்டது. செருப்பு. வெறுங்கால். செருப்பு. வெறுங்கால்.

அவள் கதவுக்கு வெளியே நின்றது.

“பாப்பா.”

அப்பாவின் குரல்தான். ஆனால் பெரிய கல் மண்டபத்துக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. படத்தில் அந்த வெள்ளை முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“பாப்பா, கதவத் தொறம்மா. குளுருது.”

எழ வேண்டும். திறக்க வேண்டும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“யாரு நீங்க? எனக்கு உங்களத் தெரியாது! போயிடுங்க!”

போன் அடித்தது. “மேடம், அந்தப் பெரியவர் திரும்ப வந்தாரு. மேல உங்க ரூமுக்கு அனுப்பினேன். வந்துட்டாரா?”

கதவைத் திறந்தாள். யாருமில்லை. மாடிப்படியிலிருந்து அறை வாசல் வரை ஈரத் தடங்கள். திரும்பிப் போன தடம் இல்லை. வாசலில் ஒற்றைச் செருப்பு, சொட்டச் சொட்ட.

மெதுவாகப் படத்தின் பக்கம் திரும்பினாள்.

கிழவர் முதுகைக் காட்டியபடி தூண்களுக்கு நடுவே உள்ளே போய்க்கொண்டிருந்தார். இரண்டும் வெறுங்கால்கள். சட்டையின் உள்தையல் வெளியே, கோடு கோடாக.

தூணின் உச்சியில் சேவலின் அலகு அகலத் திறந்திருந்தது.