எலி வளையும் வேப்பிலை மருந்தும்

என் கண்ணுங்களா, எல்லோரும் சௌக்கியமா? பல்லெல்லாம் பத்திரமா? அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு கடைவாய்ப்பல் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

பல், சக்திவேலுடையது. அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் விவசாயி. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் வறுத்த மல்லாட்டை விற்பார். ஒன்றை எடுத்துப் படக்கென்று பல்லால் உடைத்துக் காட்டுவார். அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டம் சேர்கிறது என்று அவருக்கு நினைப்பு.

அந்தப் பல்லே சொத்தையாகிக் கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது.

வேங்கிக்காலில் உள்ள பல் டாக்டர் வினோதினி ரூட் கெனால் தொடங்கினார். பல்லின் வேர்வரை சுத்தம் செய்தார். ஓர் ஆராய்ச்சிக்காக வேப்பிலைச் சாற்றில் செய்த மருந்தை உள்ளே வைக்கலாமா என்று கேட்டார். சக்திவேல் தலையாட்டினார். மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார் டாக்டர். அடுத்த வாரம் வந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளாவிட்டால் கிருமி மறுபடி புகுந்துவிடும், அப்புறம் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

கூடப் போயிருந்த மகள் கவிநிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சக்திவேல் காதில் விழுந்தது வேப்பிலை மட்டும்தான்.

வலி போய்விட்டது. டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாளோ பௌர்ணமி. அவர் வேப்பங்குச்சியை மென்றபடி மல்லாட்டை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா வெச்சதும் வேப்பிலை, நம்ம வாசல்ல நிக்கறதும் வேப்பமரம். இதுக்கு வேங்கிக்கால் போவணுமா?"

கவிநிலாவின் அம்மா கெஞ்சினாள், திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கவிநிலா மூட்டையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ப்பா, மல்லாட்டைக் கொல்லையில எலி வளை இருந்துச்சே, என்ன பண்ண?"

"புகை போட்டேன்."

"வரப்பு மேல போட்டியா?"

அவர் சிரித்தார். "எலி உள்ள இல்ல இருக்குது? வளைக்குள்ளதான் புகை விடணும்."

"அதோட விட்டுட்டியா?"

"அதெப்படி? வளை வாயை மண்ணு போட்டு நல்லா மிதிச்சு மூடணும். இல்லன்னா வேற எலி வந்து குடியேறிடும்."

"டாக்டரம்மா வளைக்குள்ள மருந்து வெச்சாங்க. நீ குச்சியால வரப்பு மேல புகை போடற. வளை வாயை இன்னும் மூடவே இல்லப்பா."

மெல்லுகிற சத்தம் நின்றது. குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கடையை யாரு பாக்கறது?" என்றார் மெதுவாக.

"நானும் அம்மாவும்."

சக்திவேலின் வண்டி வேங்கிக்கால் பக்கம் கிளம்பியது.

அன்று மாலை கவிநிலா கட்டைவிரலால் அழுத்தித்தான் மல்லாட்டையை உடைத்துக் காட்டினாள். சத்தம் கம்மி. கூட்டம் கம்மியாகவில்லை. சக்திவேல் திரும்பி வந்தபோது மூட்டை காலி, ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

"உள்ள ஒரு எலி கூட இல்லியாம். வளை வாயை நல்லா மூடிட்டாங்க. பல்லு தப்பிச்சுது," என்றார் எல்லோருக்கும் கேட்கிறபடி. கவிநிலா சொன்னதை டாக்டரிடமும் சொன்னாராம். இனி வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லப்போவதாக டாக்டர் சொன்னாராம்.

மிச்சத்தில் ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் வாய்க்குக் கொண்டுபோனார். கவிநிலா பார்த்தாள். அவர் கையை இறக்கி, கட்டைவிரலால் உடைத்து, முதல் பருப்பை அவளுக்குக் கொடுத்தார்.

சரி கண்ணுங்களா, உங்கள் வீட்டில் டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்த பெரியவர் யார்? எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? எனக்கு எழுதுங்கள்.