மூன்றாவது கட்டு

கடற்கரை ரோட்டில் இருந்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, புரோகிராம் எழுத கிருபாநிதி ஒருவனைத்தான் வைத்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. புரோகிராம் என்றால் துளையிட்ட அட்டைகளின் கட்டு, ஓர் அட்டைக்கு ஒரு வரி. கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் தோணித் தொழிலாளர்களின் சம்பளத்தை அதுதான் போட்டது.

ஒருமுறை திருத்தப்போய் எல்லாம் குழம்பியது. பழையபடி ஆக்க வழியில்லாமல் தவித்தான். அதன்பின் கை வைக்கும் முன்பே முழுக் கட்டையும் நகலெடுத்து, எண் போட்டு, இரும்புப் பீரோவில் பூட்டினான். கெட்டுப்போனால் முந்தைய கட்டுக்குத் திரும்பிவிடலாம். நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது கட்டு ஓடிக்கொண்டிருந்த சமயம். காலையில் பீரோவைத் திறந்தான். உள்ளே அவன் போடாத நான்காவது கட்டு இருந்தது.

தொட்டான். ஈரம்.

வெயிலில் அழுகும் முத்துச்சிப்பியின் வாடை குப்பென்று அடித்தது.

"நான் தொடவேயில்ல சார்," என்றாள் அட்டையில் துளையிடும் இசக்கித்தாய். "சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

இரண்டு கட்டுகளையும் ஒப்பிட்டான். ஒரே ஓர் அட்டை கூடுதலாக இருந்தது. சம்பளப் பட்டியலில் ஒரு தொழிலாளியை விட்டுவிடச் சொல்லும் வரி. அதிலிருந்தது செல்வதுரையின் எண்.

அன்று மாலை கப்பலுக்கும் தோணிக்கும் நடுவே விழுந்து செல்வதுரை செத்தான்.

மறுநாள் ஐந்தாவது கட்டு. அதில் மூத்த தோணித் தொழிலாளி நயினாரின் எண்ணும் இருந்தது.

கிருபாநிதி துறைமுகத்துக்கு ஓடினான்.

"இன்னைக்கு மட்டும் தோணியில ஏறாண்டாம், அண்ணாச்சி."

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?" நயினார் சிரித்தார். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து இரங்கி, உப்பு மூட்டைகளின் நிழலில் உட்கார்ந்தார். கிருபாநிதியும் அவர் கையை விடாமல் பக்கத்திலேயே இருந்தான்.

பேச்சின் நடுவே நயினார் இருமினார்.

வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூக்கிலிருந்தும் வந்தது. கொட்டிக்கொண்டே இருந்தது.

கடல் தண்ணீர்.

தரையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூழ்கினார்.

அழுதுகொண்டே கிருபாநிதி அலுவலகம் திரும்பினான். வேறெதுவும் தெரியவில்லை அவனுக்கு. எல்லோரும் உயிரோடிருந்த மூன்றாவது கட்டை எடுத்து இயந்திரத்தில் போட்டான். அட்டைகள் சரசரவென்று ஓடின. பிரிண்டர் சம்பளப் பட்டியலில் செத்துப்போன இரண்டு பேரின் எண்களையும் அடித்து நின்றது.

வாசலில் சொட்டுச் சத்தம்.

"சார்..." இசக்கித்தாய் வாசலைக் காட்டினாள். "நயினார் அண்ணாச்சி வந்து நிக்காரு."

அவன் திரும்பவில்லை.

"கூட செல்வதுரையும் நிக்கான்."

ஐந்தாவது கட்டைப் போட்டால் போய்விடுவார்களோ? இன்னொரு முறை சாகடிப்பதா, தன் கையாலேயே? கட்டை எடுத்தான். போட முடியவில்லை.

"தம்பி," என்று கூப்பிட நயினார் வாய் திறந்தார்.

தண்ணீர்தான் வந்தது. அறை முழுக்க, அவன் கணுக்கால் வரைக்கும்.