கொக்கிக்குக் கீழே

கப்பல் உடைக்கும் தளத்தில் புதுக் கப்பல் வந்தால் காலையில் முதலில் நடப்பது சொல்கட்டு, கிரேனுக்கான சொற்களைச் சொல்லும் விதத்தை முடிவு செய்வது. கிரேனின் திரையில் ஒரு ஆங்கிலச் சொல் வரும். அதை எப்படி உச்சரிப்பது என்று யாருக்கும் தெரியாது. கீழே நிற்கும் ஆறு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.

கப்பலின் முன்பக்க மேல்தளத்துக்கான சொல் வந்தது. “ஃபோர்காஸ்டில்,” என்றாள் பேச்சியம்மாள்.

“என்னக்கா, பல்லுல கல்லு மாட்டுன மாதிரி இருக்கு. ஃபோக்சில்னு வச்சிக்கிடுவோம். சின்னதா இருந்தாத்தான் அவசரத்துக்கு வாயில வரும்,” என்றார் சிலுவை.

ஆறு பேரும் சேர்ந்து ‘ஃபோக்சில்’ என்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

அது சரியா தப்பா என்று சொல்ல இப்போது ஆளில்லை. காதிலேயே மொழிபெயர்க்கும் காதுப்பொறி வந்த பிறகு அவரவர் பாஷையில் அவரவர் பேசுகிறார்கள். ஆங்கிலம் எழுத்தில் கிடக்கிறது, வாயில் இல்லை. கிரேன்கள் மட்டும் பழைய சரக்கு. தமிழ் கேட்கும் கிரேன் விலை அதிகம். கூலிக்காரனுக்காக அதை வாங்க எந்த முதலாளிக்கும் மனசில்லை. கப்பலுக்குக் கப்பல், கிரேன் கேட்டுப் பழகிய ஒலிகளையெல்லாம் அழித்துவிடுவார்கள். கூட்டம் முழுவதும் ஒரே மாதிரி சொல்லும் ஒலிதான் அந்தக் கப்பல் முடியும்வரை செல்லும். இன்னொரு தளத்தில் இன்னொரு ஒலி. அதனால் ஒரு தளத்து ஆள் இன்னொரு தளத்துக்கு லேசில் போய்விட முடியாது. முதலாளிகளுக்கு அதிலும் வருத்தமில்லை.

அடுத்த சொல் வந்தது. ‘நிறுத்து’ என்பதற்குப் பழைய மாலுமிகள் சொன்ன சொல். இந்தத் தூத்துக்குடித் தளத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் அதை ‘அவாஸ்து’ என்றே கட்டி வந்தார்கள். யோசிக்காமல் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் ஜெசிந்தா. “இந்தத் தடவ ‘ஏவஸ்ட்’னு வச்சிக்கிடுவோமா?”

அது வடக்குத் தளத்து உச்சரிப்பு. அவள் கணவன் அமலன் அங்கே வேலை செய்கிறான், பிள்ளையும் அவனோடுதான். இந்தக் கப்பல் முடிந்ததும் அங்கே வேலைக்குச் சேர அவளுக்கு வாய்ச்சோதனை, அவர்கள் உச்சரிப்பில் சொல்லிக் காட்ட வேண்டும். மற்றச் சொற்களைப் போனில் கேட்டுப் பழகிவிட்டாள். அவற்றில் தப்பு வந்தால் திருப்பிச் சொல்லலாம். இதில் முடியாது. நிதானமாக இருந்தால் ‘ஏவஸ்ட்’ வருகிறது, திடுக்கிட்டால் ‘அவாஸ்து’தான்.

“ஏட்டி, நீ புருசங்கிட்ட போறதுக்கு நாங்க சாவணுமா?” என்றார் சிலுவை. “போன வருசம் வாய் தடுமாறித்தான அந்தோணி மேல தகடு விழுந்துச்சு? மறந்துட்டியா?”

“மறக்கல அண்ணாச்சி. அதுக்குத்தான் கேக்கேன். அங்க போயி நானும் ஒருத்தர் மேல போட்டுரக் கூடாதுல்லா.”

பேச்சியம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். “பச்சப்புள்ள தாயில்லாமக் கெடக்கு. எனக்குச் சம்மதம்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மிச்சம் சிலுவை. அவர் வாயும் சேராமல் விளக்கு எரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கசப்பு மருந்தைத் துப்புவது போல ‘ஏவஸ்ட்’ என்றார். எல்லோரும் கூடச் சொன்னார்கள். பச்சை.

நிறுத்தச் சொல்லைக் கட்டினால் இந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வெற்றுக் கொக்கிக்குக் கீழே நிற்க வேண்டும். கொக்கி இறங்கும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கத்தி அதை நிறுத்த வேண்டும். பயத்தில் வராத சொல்லை நம்பி வேலை செய்ய முடியாது என்பார்கள். யார் நிற்பது என்று சீட்டுப் போடுவதுதான் முறை.

சிலுவை சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

“மொதல்ல அவ கத்தட்டும்.”

பேச்சியம்மாள் கிரேனை இறக்கச் சொன்னாள். ஓர் ஆள் உயரமுள்ள கொக்கி இறங்கியது.

“அவாஸ்து!” என்று கத்தினாள் ஜெசிந்தா.

கொக்கி நிற்கவில்லை. சிலுவை நகரவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

“ஏவஸ்ட்!”

நின்றது. கவசத்துக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான்.

சிலுவை அண்ணாந்து பார்த்தார். கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டார்.

“இன்னும் பழசுதான் முந்துது,” என்றார். “மேல தூக்கச் சொல்லு. இன்னொரு தடவ.”