ஆர்லோவின் மூன்றாவது சிறுநீரகம்

ஆர்லோவின் சிறுநீரகத்தைப் பிய்த்துக் குப்பையில் போட்டது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அதுதான் இன்னும் மோசம்.

என் பெயர் லெஸ்யா. கனடாவில் பிரான்டன் என்ற நகரில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். அந்த வாரம் முழுவதும் எங்கள் வகுப்பறைத் தரையில் காகித மனிதர்கள் படுத்துக் கிடந்தார்கள். பெரிய பழுப்புக் காகிதத்தில் ஒருவர் மல்லாந்து படுக்க, இன்னொருவர் சுற்றிலும் கோடு போடுவார். பிறகு அவரவர் உடம்புக்குள் இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

வியாழன் மதியம் எங்கள் ஆசிரியை மிஸ் சபூரின், உறுப்புகளின் பட்டியல் போட்ட தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்.

"பக்கத்துல இருக்கறவங்களோடத சரிபாருங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

தப்பு கண்டுபிடிப்பது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வீட்டில் என் அண்ணன் என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவான்.

என் பக்கத்து இடம் ஆர்லோ ஃப்ரீசனுடையது. அவன் செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பள்ளிக்கே வரவில்லை. ஜனவரியில் வந்தபோது கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதிகம் பேசமாட்டான். அப்போது அவன் வகுப்பில் இல்லை. தினமும் அந்த நேரத்தில் அலுவலக அறைக்குப் போய் ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டு வருவான்.

மூளை ஒன்று, சரி. இதயம் ஒன்று, சரி. நுரையீரல் இரண்டு, சரி. சிறுநீரகம்?

மறுபடி எண்ணினேன். முதுகெலும்புக்கு இரு பக்கமும் இரண்டு இருந்தன. அவரை விதை வடிவம்தான், ஆனால் ரொம்பச் சின்னதாக, சுருங்கிப்போய் இருந்தன. அது போதாதென்று வலது பக்க அடிவயிற்றில் இன்னொன்று. அது மட்டும் என் கையைவிடப் பெரியது.

பாவம், நாலு மாதப் பாடம் போய்விட்டதே என்று நினைத்தேன். மாலையில் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். டேட் என்கிற வாயாடி ஒருவன் இருக்கிறான், அவன் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டுவான். ஆர்லோ வருவதற்குள் நானே சரிசெய்துவிடலாம்.

மூன்றாவதைப் பிய்த்தேன். கெட்டியாக, உள்ளே ஏதோ வைத்து மடித்தது போல இருந்தது. திறந்துகூடப் பார்க்காமல் கசக்கி, பழைய காகிதம் போடும் நீலத் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, தொட்டியில் இருந்ததை வெளியே லாரிக்காக வைக்கும் பெரிய பெட்டிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆர்லோ வந்தான். தன் காகித மனிதனைப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இங்க இருந்தது எங்க?"

"அதுவா? கிட்னி ரெண்டுதாண்டா. நீ மூணு ஒட்டியிருந்த. நான் எடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாத."

"எடுத்து என்ன பண்ண?"

"தொட்டியில போட்டேன்."

அவன் ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தான். அடியில் ஒரு பென்சில் சீவல்தான் கிடந்தது.

"அது எங்கப்பா குடுத்தது," என்றான்.

"இன்னொண்ணு செஞ்சு தரச் சொல்லேன்."

"பேப்பரச் சொல்லல, லெஸ்யா. நெஜக் கிட்னி."

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினான். வலது அடிவயிற்றில், நான் பிய்த்த அதே இடத்தில், நீளமாக ஒரு தழும்பு இருந்தது.

"என்னோட ரெண்டும் வேலை செய்றத நிறுத்திடுச்சு. செப்டம்பர்ல எங்கப்பாவோடதுல ஒண்ண எடுத்து எனக்கு வச்சாங்க. பழசு ரெண்டும் அது பாட்டுக்கு உள்ளயே கெடக்கும். புதுச முன்னாடி, இங்க வப்பாங்க."

எனக்குக் காதெல்லாம் கொதித்தது. பாடம் தெரியாதவன் என்று நினைத்தேனே! இந்தப் பாடம் அவன் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் என்னக் கண்ணாடி சாமான் மாதிரி பாப்பீங்க." அவன் தரையைப் பார்த்தான். "எங்கப்பாகிட்டயே நான் இன்னும் தேங்க்ஸ் சொல்லல. வாயத் தொறந்தா அழுக வந்துருது. அவரும் உடனே பேச்ச மாத்திடுவாரு. அதான் மூணு வாரமா வீட்டுல ஒக்காந்து இதச் செஞ்சேன். இன்னிக்கு வந்து பாத்தா அவரே புரிஞ்சுக்குவாருன்னு."

கோட்டுகூடப் போடாமல் இருவரும் வெளியே ஓடினோம். குளிர் மூக்கைக் கடித்தது. குப்பை லாரி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தினோம். அது நிற்கவில்லை.

மிஸ் சபூரினிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பள்ளி விட்டதும் ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. உங்க வீட்டுக்கு நான் ஃபோன் பண்றேன்," என்றார்.

மூன்றரை மணிக்கு உட்கார்ந்தோம். சிவப்புக் காகிதத்தை மடித்து, புத்தகம் போலத் திறக்கும்படி ஆர்லோ வெட்டினான். உள்ளே, நிஜச் சிறுநீரகத்தைப் பிளந்தால் தெரிவது போல, வெளி ஓரமாக ஒரு பட்டை, அதற்குள் வரிசையாகக் கூம்புகள்.

"செவப்பு நூல் வேணும். பழசுல எங்கம்மாவோட எம்பிராய்டரி நூல் வச்சிருந்தேன்," என்றான்.

பள்ளி முழுக்கத் தேடினோம், இல்லை. என் குளிர்த்தொப்பியின் உச்சியில் ஒரு சிவப்புக் கம்பளிக் குஞ்சம் உண்டு. அதுதான் அந்தத் தொப்பிக்கே அழகு. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிட்டேன்.

"எதுக்குடி வெட்டின?"

"பேசாம வேலையப் பாரு. இத என்ன பண்ணணும்?"

"சின்னச் சின்ன முடிச்சாப் போடு. அதுதான் மெல்லிசான ரத்தக் குழாய்ங்க. நூல்கண்டு மாதிரி சுருண்டு, ஒரு கிண்ணத்துக்குள்ள ஒக்காந்திருக்கும். ரத்தத்துல இருக்கற தண்ணி அங்கதான் வடியும். அப்புறம் அந்தக் கிண்ணத்துலேருந்து ஒரு குழாய் கீழ எறங்கி, வளஞ்சு, மறுபடி மேல வரும். போற வழியில ஒடம்புக்கு வேணுங்கறத எல்லாம் திரும்ப எடுத்துக்கும். மிச்சம்தான் ஒண்ணுக்கு. இது மொத்தமும் சேந்து ஒரு நெஃப்ரான்."

"ஒரு கிட்னிக்குள்ள எத்தன நெஃப்ரான்?"

"பத்து லட்சம் இருக்கும்."

என் கை அப்படியே நின்றது. "ஆறு மணிக்குள்ளயா?"

அன்று முதல் முறையாக ஆர்லோ சிரித்தான். "நான் நாப்பதோட நிறுத்திட்டேன்."

"இவ்ளோ இருந்து என்னதான் கிழிக்குது?"

"உன்னோடது ரெண்டும் சேந்து ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டும்."

"புளுகாத. அப்படின்னா நான் பாத்ரூம்லயே குடியிருக்கணும்."

"அதான் கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்குதே. காது குடுத்துக் கேளு."

ஆறு மணிக்கு இருபத்தாறு முடிச்சுகள் முடிந்திருந்தன. கதவு திறந்தது. ஆர்லோவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்ப்பவர். கதவு உயரத்துக்கு இருந்தார்.

காகித மனிதனைப் பார்த்தார். எண்ணினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து, மூன்றாவதைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டார்.

"இவ்வளவு வேலையா செய்யுது இது?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்கிட்ட நாப்பது வருஷம் இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அங்கிள், மொதல்ல ஆர்லோ செஞ்சது இத விட நல்லா இருந்துச்சு. நான்தான் அதத் தப்புன்னு நினச்சுக் குப்பையில போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"கிட்னியவா?" அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "வயித்தக் கிழிச்சு எடுத்துக் குடுத்தேனேம்மா."

அதற்குள் டேட் வந்து எட்டிப் பார்த்தான். "டேய், என்னடா மூணு இருக்கு?"

ஆர்லோ என்னைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"ரெண்டு என்னோடது. இது எங்கப்பா குடுத்தது. இப்ப நான் இதுலதான் ஓடுறேன்."

டேட் குனிந்து அதைத் திறந்து பார்த்தான். "செமயா இருக்குடா," என்றான். அப்படி ஒரு அதிசயத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி சரி, உன்னோட இதயம் எங்க இருக்கு பாப்போம்," என்று ஆர்லோவின் அப்பா அவசரமாக என் காகித மனிதனின் பக்கம் திரும்பினார்.

ஆர்லோ அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினான். "பேச்ச மாத்தாதீங்கப்பா. தேங்க்ஸ்."

அவ்வளவு பெரிய மனிதர், பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, மகனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். அந்த நாற்காலி இரண்டு பேரையும் தாங்குமா என்று எனக்கு ஒரே பயம். தாங்கியது.