சொல்லச் சொல்ல எழுதுகிறவள்

அன்று காலை என் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஒரு வாரமாக விடாத காய்ச்சல். படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளோ, இந்தப் பரீட்சையை விட்டால் ஒரு வருஷமே வீணாகிவிடும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். பஸ் ஓட்டுகிறவன் நான். வண்டி நிறைய ஆட்களை அதட்டி உட்கார வைப்பேன், அவளிடம் மட்டும் என் பருப்பு வேகாது. கிளம்பும்போதுகூட பைக்கின் பின்னால் ஏறி, என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட், டிரைவர் சார்" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் டிரைவர் சார்தான். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

காய்ச்சல்காரர்களுக்கு மாடியின் கடைசியில் தனி அறை. யாரும் புழங்காத இடம். பினாயில் நெடிக்கு அடியில், ஈரத்துணி மக்கிய வாடை ஒன்று இருந்தது. பேனா பிடிக்க முடியாதவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையை அனுப்புவது அந்தப் பள்ளியின் வழக்கம். காவலுக்கு இருந்த டீச்சர் விதிகளைச் சொன்னார். எழுதுகிற பிள்ளை 'அப்புறம்?' என்று மட்டும் கேட்கலாம், வேறு பேச்சு கூடாது. மாணவி 'முடிஞ்சுது' என்று சொல்லும்வரை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கதவு திறந்தால் பரீட்சை செல்லாது.

எழுதுகிறவள் எங்களுக்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஒல்லி உடம்பு, தொளதொள ஸ்வெட்டர், குனிந்த தலை. முகம் தெரியவில்லை.

மகள் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கதவு வரை விட்டார்கள். டீச்சரும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல், அவரைக் குறை சொல்ல முடியாது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மகள் பெஞ்சில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இதயத்துக்கு எத்தனை அறை, ரத்தம் எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். பேனா கீறும் சத்தம். 'அப்புறம்?' மறுபடி கீறல். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

பிறகு அவள் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"எங்க வீட்டு மாடிப்படியில ஒரு படி ஒடைஞ்சிருக்கும். தாண்டித்தான் ஏறணும்."

"அப்புறம்?"

"அம்மா கண்ணாடிய நெத்தி மேல வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுவாங்க."

"அப்புறம்?"

நான் எழுந்துவிட்டேன். "டீச்சர், அவ பாடம் சொல்லலை. கதவைத் தெறங்க."

"ஜுரத்துல உளர்றா சார். தெறந்தா எழுதினது அத்தனையும் வீண். இன்னும் கொஞ்ச நேரந்தான்."

என் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவள் அவ்வளவு ஆசைப்பட்ட பரீட்சை. கையை எடுத்துவிட்டேன்.

உள்ளே அந்தப் பெண் நிமிர்ந்திருந்தாள். ஸ்வெட்டர் இப்போது அவளுக்கு அளவாக இருந்தது. என் மகளின் முகத்தில்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ ஒன்று அணைந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா பஸ் ஓட்டுவாரு."

"அப்புறம்?"

"நான் அவரை..."

எழுதுகிறவள் குனிந்து, என் மகளின் வாயருகே காதை வைத்தாள்.

பரீட்சை நாசமாகப் போகட்டும் என்று தாழ்ப்பாளை இழுத்தேன். அது அசையவில்லை. தோளால் இடித்தேன். டீச்சரும் சேர்ந்து தள்ளினார்.

மணி அடித்தது. கதவு தானாகத் திறந்தது.

எதிர் நாற்காலி காலி. விடைத்தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

தலைமை ஆசிரியை மூச்சிரைக்க மாடியேறி வந்தார். எழுத அனுப்ப வேண்டிய பிள்ளையும் காய்ச்சலில் படுத்துவிட்டதாம். வேறு யாரையும் அனுப்ப முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். டீச்சர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் என் மகளை வாரி எடுத்தேன். "டிரைவர் சார் வந்துட்டேன்மா. வீட்டுக்குப் போலாம்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஞாபகம் மெல்லத் திரும்பும் என்கிறார் டாக்டர். அவளோ எங்களை அங்கிள், ஆன்ட்டி என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி வெளியே போய் அழுதுவிட்டு வருகிறாள். 'முடிஞ்சுது'ன்னு ஒரு தடவை சொல்லும்மா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். எது என்று கேட்டாள்.

நேற்று மத்தியானம் மாற்றுத்துணி எடுத்து வரக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை உதைத்ததும் பின்சீட் லேசாக அமுங்கியது. ஈரத்துணி வாடை. முதுகில் இரண்டு தட்டு.

"போலாம் ரைட், டிரைவர் சார்."

என் மகளின் குரல். காய்ச்சலுக்கு முந்தைய குரல்.

இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை அப்படிக் கூப்பிட இனி வேறு யார் இருக்கிறார்கள்?

வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் பின்சீட் லேசானது. மாடிப்படியில் எனக்கு முன்னால் காலடிச் சத்தம் ஏறிப் போனது.

உடைந்த படியை மட்டும் தாண்டி.