மூன்றடி இறங்கிய ஏரி

டெலிபோன் அலறியது.

காலை ஆறு இருபது.

ஏரி மதகின் ஷட்டர் ரூமில் இருந்த இன்ஜினியர் பாய்ந்து எடுத்தான். ஏரியைச் சுற்றி இருநூறு வீடுகள். தண்ணீரை எவ்வளவு தேக்குவது, எவ்வளவு வெளியேற்றுவது... எல்லாம் அவன் பொறுப்பு.

"தம்பி... உங்க அண்ணன் போயிட்டார்!"

பெண் குரல்!

இன்ஜினியரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"அ... அண்ணி? நீங்களா பேசறீங்க?"

"வேற யாரு பேசணும்?"

பத்தே நிமிடத்தில் அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தான்.

வீட்டின் பின்புறம், ஏரியில் மிதக்கும் மரமேடை. அதன் மேல் ஈரம் சொட்டச் சொட்ட அண்ணன். ஊரறிந்த பல் டாக்டர். நெற்றி பிளந்திருந்தது. கழுத்து... திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது!

பக்கத்தில் அண்ணி, நீச்சல் உடைமேல் துண்டு போர்த்தி. ஏரித் தண்ணீரின் தரத்தைப் பரிசோதிப்பவள். தினமும் ஆறு மணிக்கு இந்த மேடையிலிருந்து தலைகீழாகக் குதித்து, நடு ஏரி வரை நீந்திப்போய் சாம்பிள் எடுப்பாள்.

தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் நீளக் கழியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது... ஒன்றரை அடியில பாறை தட்டுது!"

"எப்பவும் நாலரை அடி இருக்கும் சார்," என்றாள் அண்ணி. "மேடை மிதக்குதில்ல... தண்ணியோட அதுவும் எறங்கிடும். தண்ணியும் கலங்கல். மேலேர்ந்து பார்த்தா தெரியவே தெரியாது."

இன்ஸ்பெக்டர் இன்ஜினியரிடம் திரும்பினார்.

"தண்ணியை நீங்கதான் எறக்கினீங்களா?"

"ஆ... ஆமா சார். பெரிய மழை வரும்னு சொன்னாங்க. வீடுகளுக்குள்ள வந்துடக் கூடாதேன்னு..."

"நல்ல காரியம்தான். டாக்டர் எப்படிம்மா விழுந்தார்?"

"தூக்கக் கலக்கம் சார். கால் வழுக்கிடுச்சு... தலைகுப்புற..."

விசும்பினாள்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா தம்பி?"

இன்ஜினியர் வாயைத் திறந்தான். அண்ணி அவனையே பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"இல்ல... சார்."

விபத்து! நோட்டை மூடினார் இன்ஸ்பெக்டர்.

மத்தியானம். ஷட்டர் ரூம் கதவு திறந்தது. அண்ணி!

கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"நேத்து சாயங்காலம் ஷட்டரைத் தூக்கினீங்க. நீர்மட்டம் அரை அடி மாறினாலே என் போனுக்கு மெசேஜ் வரும். மறந்துட்டீங்களா தம்பி?"

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"உங்க அண்ணன் கிளினிக்லேர்ந்து திருட்டுக் குழாய் போட்டு பல் அடைக்கிற பாதரசக் கழிவை ஏரியில கலந்தார். கண்டுபிடிச்சேன். இன்னிக்கு ரிப்போர்ட் கொடுக்கிறதா இருந்தேன். அதுக்குள்ள என் மண்டை உடையணும்... இல்ல?"

"அண்ணி... நான் வந்து..."

"எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திருக்காத மனுஷன், ஆறு மணிக்கு மேடையில நிக்கிறார். 'குதிம்மா, நேரமாச்சு'ங்கிறார். என்ன அக்கறை! 'நீங்க முதல்ல'ன்னேன். மாட்டேன்னார்..."

சிரித்தாள்.

"தள்ளிட்டேன்!"

"கொ... கொலைகாரி! இப்பவே போலீசுக்கு..."

"தாராளமா! எதுக்குத் தள்ளினேன்னு கேப்பாங்களே? ஷட்டரைத் தூக்கினது யாருன்னு கேப்பாங்களே? மெசேஜ் வேற என் போன்ல பத்திரமா இருக்கு."

ரிசீவரை எடுத்தவன்... வைத்தான். நாற்காலியில் பொத்தென்று விழுந்து, குழந்தை மாதிரி அழுதான்.

"எனக்கும் அண்ணனுக்கும் இப்படியெல்லாம் தோணவே இல்ல அண்ணி... சத்தியமா! எங்க அம்மா சொன்னாங்க... 'அவதான் தினம் குதிக்கிறாளே, தண்ணியை எறக்குங்கடா'ன்னு..."

"ஓ! அத்தையோட யோசனையா?"

ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். பிறகு அவன் தோளைப் பரிவாகத் தட்டினாள்.

"காரியத்துக்கு அத்தை வர்றாங்க இல்ல? மேடை வரைக்கும் நானே கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன். ஆனா அத்தை குள்ளம்..."

வாசலில் நின்று திரும்பினாள்.

"இன்னும் ஒரு அடி எறக்கி வைங்க, தம்பி!"